தவக்காலத்தில் பிரிக்காத கிரைண்டர்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
13-1-1989

அன்புத் தம்பி விக்டருக்கு அக்கா டோரதி எழுதுறது. இங்க நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் மாதா புண்ணியத்துல சுகமா இருக்கோம். நாக்பூர் குளிர்ல போன வருஷம் மாதிரி இருமல் வந்துச்சான்னு உடனே எழுது. ஸ்வெட்டரைப் பெட்டியில பூட்டி வெக்கிறதுக்கு நான் பின்னிக் குடுக்கல. எடுத்து மேல போட்டுக்க.

போன வருஷம் லீவுல வந்தப்ப நீ வாங்கிக் குடுத்துட்டுப் போனியே கிரைண்டர், அது ஒரு வாரமா கடாமுடான்னு சத்தம் போடுது. அரிசி போட்டாலும் சத்தம், உளுந்து போட்டாலும் சத்தம். மாடி வீட்டு ஹாஜிரா இறங்கி வந்து, "என்னக்கா, வீட்டுக்குள்ள தறி போட்டுட்டீங்களா?"ன்னு கேக்குறா. முந்தாநாள் ஸ்கூல் விட்டதும் நேரா அமிர்தம் ஏஜென்சீஸுக்குப் போனேன். முதலாளி அமிர்தராஜ் ஊர்ல இல்லையாம். அவர் மக ஸ்டெல்லாதான் உக்காந்து பில் போட்டுக்கிட்டு இருந்தா. "ஏம்மா, நீங்க வித்தது மாவாட்டுற மிஷினா, கருங்கல் உடைக்கிற மிஷினா?"ன்னு கேட்டேன்.

அதுக்கு அவ சிரிக்கிறா விக்டர்! தலையைக் குனிஞ்சு, வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறா. பதினெட்டு வருஷமா டீச்சர் வேலை பாக்குறேன், என் முன்னாடி நின்னு ஒருத்தி இப்படிச் சிரிச்சதில்ல. சரியான திமிர் பிடிச்ச கழுதை. அவளைக் கட்டிக்கிட்டுக் குப்பை கொட்டப் போறவன் எந்த ஊர்ல இருக்கானோ, அந்தப் பாவத்துக்காக சகாய மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்.

ஆனா ஆளை அனுப்பிட்டாங்க, அதை ஒத்துக்கணும். நேத்து வியாழக்கிழமை சாயங்காலமே மெக்கானிக் சுடலைமுத்து வந்தான். பெல்ட்டை இறுக்கினான், எண்ணெய் விட்டான். "மோட்டார் பக்கம்தான் சத்தம் வருது டீச்சர், ஓட ஓடச் சரியாயிடும்"னு சொல்லிட்டுக் காப்பி குடிச்சிட்டுப் போனான்.

உனக்கு அடுத்த மாசம் முப்பது முடியுது. தொட்டியத்துல ஒரு நல்ல இடம் இருக்கு. பொண்ணு போட்டோ அனுப்பவா?

உன் அக்கா,
டோரதி

*

நாக்பூர்
2-2-1989

அன்புள்ள அக்காவுக்கு விக்டர் வணக்கத்துடன் எழுதுவது. இருமல் இல்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மச்சானுக்கு முட்டி வலி தேவலையா? பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

கிரைண்டர் விஷயம் படித்தேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டதால் இனிக் கவலை வேண்டாம். நீங்கள் போய்ச் சொன்ன மறுநாளே ஆளை அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி ஊரில் இல்லாதபோது அந்த ஏற்பாட்டை யார் செய்திருப்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் வேறு ஏதாவது ஞாபகத்தில் சிரித்திருக்கலாம். கழுதை என்றெல்லாம் எழுத வேண்டுமா அக்கா?

தொட்டியம் போட்டோ இப்போது வேண்டாம். ஆபீசில் வேலை அதிகம். டிசம்பரில் வரும்போது எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

பணிவுள்ள தம்பி,
விக்டர்

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
7-3-1989

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். உடம்பெல்லாம் நல்லா இருக்கு, மனசுதான் எரியுது.

சனிக்கிழமை காலையில கிரைண்டர் செத்துப் போச்சு. உளுந்து பாதி அரைபட்டு நிக்குது, மோட்டார்ல இருந்து புகை. அரைகுறை மாவை வழிச்சு எடுத்துக்கிட்டு மாடி வீட்டு ஆட்டுக்கல்லுக்கு ஓடினேன். அப்புறம் கடைக்குப் போனேன். அமிர்தராஜ் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பில்லைப் பார்த்தார். "ஒரு வருஷ கியாரண்டி போன மாசம் பதினஞ்சாம் தேதியோட முடிஞ்சு போச்சு டீச்சர். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல"ன்னுட்டார். பதினேழு நாள் விக்டர், வெறும் பதினேழு நாள்!

நான் விடல. "பில் தேதியைப் பாக்காதீங்க. என் தம்பி சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வாங்கிக் குடுத்துட்டு ரயில் ஏறிட்டான். தவக்காலத்துல புதுச் சாமானைப் பிரிச்சு இட்லி வடைன்னு கொண்டாடுவோமா? ஈஸ்டருக்கு சாமியார் வந்து மந்திரிச்ச பிறகுதானே பெட்டியையே பிரிச்சோம். நாப்பத்தேழு நாள் சும்மா இருந்துச்சு. அதைக் கழிச்சுப் பாருங்க"ன்னேன். நீ பார்த்திருக்க மாட்ட, அந்தப் பெட்டி மேல ஊதாத் துணி விரிச்சு, சிலுவையில பாடுபட்ட சுரூபத்தை வெச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் வந்து, அதுக்கு முன்னாடிதான் முட்டி போட்டு சிலுவைப் பாதை சொன்னோம். பாதித் தெருவே சாட்சி.

அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "கிரைண்டரும் ஒருசந்தி நோன்பு இருந்துச்சுன்னு நான் கம்பெனிக்கு எழுத முடியுமா டீச்சர்?" கடையே சிரிச்சுது. எனக்கே சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். சரி, அது என் தப்பு. பெட்டிக்குள்ள இருந்த கார்டை நான் படிக்கல.

ஆனா ஜனவரியிலயே சத்தம் வருதுன்னு சொன்னேனே, சுடலைமுத்து வந்து பார்த்தானே, அது கியாரண்டிக்குள்ளதானே? அதைக் கேட்டா, "அப்படி யாரையும் நான் அனுப்பல, என் சர்வீஸ் நோட்டுலயும் இல்ல"ங்கிறார். சுடலைமுத்துவைக் கேக்கலாம்னா அவன் போன மாசமே துபாய்க்குப் போயிட்டான். அந்தப் பொண்ணு ஸ்டெல்லா பக்கத்துலதான் உக்காந்திருந்தா. என்னைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா, வாயே திறக்கல.

மறுநாள் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல மறுபடியும் அவர்கிட்ட கேட்டேன். பங்கு ஜனம் மொத்தமும் நிக்கிது. "டீச்சர், ஒரு மோட்டாருக்காகப் பொய் சொல்லாதீங்க"ன்னு சத்தமாவே சொல்லிட்டார். என் கிளாஸ் பிள்ளைங்க நாலு பேர் அங்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பொய் சொன்னா பெஞ்சு மேல ஏத்துறவ நான். திங்கக்கிழமை கிளாசுக்குள்ள போகவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. கிரைண்டர் போகட்டும்டா, என் சொல்லு போச்சே.

ஜனவரியில நான் உனக்கு இன்லண்ட் லெட்டர் போட்டேன்ல, அதுல எல்லாம் எழுதியிருக்கேன். மேலயே தபாலாபீஸ் முத்திரை தேதியோட இருக்கும். நீதான் ஒரு கடுதாசியைக்கூட விடாம கம்பியில குத்தி வெக்கிறவனாச்சே. உடனே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு.

அக்கா டோரதி

*

நாக்பூர்
29-3-1989

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள். இங்கே தமிழ்ப் பூசை இல்லை. இந்திப் பூசையில் பாட்டு மட்டும் புரியவில்லை, ராகம் நன்றாக இருந்தது. வெயில் இப்போதே கொளுத்துகிறது. பிள்ளைகளின் பரீட்சை எப்படி?

கிரைண்டருக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன். ஒரே கோயில் பங்கில் இருக்கிறோம், அவர்களோடு சண்டை எதற்கு? அமிர்தராஜ் அண்ணன் ஏதோ கோபத்தில் பேசியிருப்பார். விட்டுவிடுங்கள் அக்கா.

பணிவுள்ள தம்பி,
விக்டர்

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
5-4-1989

விக்டருக்கு,

நாங்க சுகம். நீயும் சுகம்னு நினைக்கிறேன், ஏன்னா உடம்பு சரியில்லாதவன் இப்படி வழவழன்னு எழுத மாட்டான். நான் கேட்டது கடுதாசி. நீ அனுப்பினது ராகம்.

புது கிரைண்டர் எனக்கு வேண்டாம். பொய்க்காரிங்கிற பேரோட அதுல மாவாட்டினா இட்லி தொண்டையில இறங்குமா?

என்கூட வேலை பாக்குற ஸ்ரீரங்கம் கோமளவல்லி டீச்சர் அவங்க ஊர் நுகர்வோர் சங்கத்துல இருக்காங்க. பேச்செல்லாம் "பெருமாள் திருவுள்ளம்"தான், ஆனா சட்டம்னு வந்துட்டா ஆளே வேற. மூணு வருஷத்துக்கு முன்னாடி நுகர்வோரைப் பாதுகாக்கன்னே புதுசா ஒரு சட்டம் வந்திருக்காம். "கார்டுல போட்டிருக்கிற கெடு முடிஞ்சா நம்ம பாத்தியதையும் முடிஞ்சுடுத்துன்னு யார் சொன்னா டோரதி? கெடுவுக்குள்ள குறை சொல்லியாச்சுன்னா, அது கெடுவுக்குள்ள வந்த குறைதான். ஆனா சொன்னதுக்கு ஒரு எழுத்து வேணும்"னாங்க. "எழுத்து நாக்பூர்ல என் தம்பிகிட்ட இருக்கு"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டு வந்திருக்கேன். மனு டைப் ஆயிடுச்சு.

அமிர்தராஜ் அண்ணனாம்ல? எப்ப இருந்துடா அவர் உனக்கு அண்ணன்?

கடுதாசி. உடனே.

டோரதி

*

நாக்பூர்
2-5-1989

அன்புள்ள அக்காவுக்கு விக்டர் எழுதுவது. நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

நீங்கள் கேட்ட கடிதத்தை ரூம் முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை. இங்கே எலித் தொல்லை அதிகம். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைக்கிறேன். வருத்தப்படாதீர்கள்.

விக்டர்

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
10-5-1989

அருமைத் தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

எலியா?

நான் போட்ட எத்தனையோ கடுதாசியில, 13-1-89ந் தேதிக் கடுதாசியை மட்டும் தேடிப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போன எலியை நானும் பார்க்கணும். அம்மா சாகும்போது உனக்கு வயசு ஒன்பது. அன்னையிலிருந்து உன் பொய் ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். நீ பொய் சொல்றப்ப சின்னச் சின்ன வாக்கியமா பேசுவ. இந்தக் கடுதாசி முழுக்க அப்படித்தான் இருக்கு.

இங்க லீவு விட்டாச்சு. உன் மச்சான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து வந்ததும் சட்டையைக் கழட்டிட்டு ஆட்டுக்கல் சுத்துறார். "இஞ்சினையே ஓட வெக்கிறவனை மாவாட்ட வெச்சுட்டியே"ன்னு முனகிக்கிட்டே சுத்துறார், பாவம்.

நுகர்வோர் சங்கத்துல ரெண்டு பேரையும் கூப்பிட்டு வெச்சு விசாரிக்கப் போறாங்க. ஜூன் 18, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி, ஸ்ரீரங்கம் உத்தர வீதியில நூலகத்து மாடி. அங்க தீராட்டி வழக்குப் போடலாம்னு கோமளவல்லி டீச்சர் சொல்றாங்க. என்கிட்ட எழுத்து இல்லாட்டி அங்கயும் நான் பொய்க்காரிதான்.

ஒரு விஷயம். போன புதன் நவநாள் முடிஞ்சு வெளியில வரேன், அந்த ஸ்டெல்லா வழி மறிச்சா. என்னமோ சொல்ல வந்து முழுங்கிட்டு, "டீச்சர், நாக்பூர்ல இப்ப நூத்துப் பத்து டிகிரியாமே?"ன்னு கேட்டா. அவளுக்கும் நாக்பூருக்கும் என்ன சம்பந்தம்? பில்லுல உன் விலாசம் பார்த்திருப்பா போல. நான் பதில் சொல்லாம வந்துட்டேன்.

உன்னை நம்பித்தான் நான் அந்த மாடி ஏறப் போறேன். எலிகிட்ட சொல்லு.

அக்கா டோரதி

*

நாக்பூர்
24-5-1989
ரிஜிஸ்டர் தபால்

என் அன்பு அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் தைரியம் இன்று எனக்கு இல்லை. எலி இல்லை அக்கா. பொய் சொன்னேன். உங்கள் கடிதம் கம்பியில் பத்திரமாகத்தான் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தை இன்னொரு முறை படித்துவிட்டு இதைத் தொடருங்கள்.

படித்துவிட்டீர்களா? அவளைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டப் போகிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். நாக்பூரில் இருக்கிறான்.

போன வருஷம் லீவில் ஒரு கிரைண்டர் வாங்க நான் ஆறு தடவை அந்தக் கடைக்குப் போனேன். 'சாமான் வாங்கினா என் தம்பி மாதிரி பார்த்துப் பார்த்து வாங்கணும்' என்று மச்சானிடம் பெருமையாகச் சொன்னீர்கள். நான் பார்த்தது கிரைண்டரை இல்லை. அதற்குப் பிறகு கடிதம்தான். கடைக்கு வரும் தபாலையெல்லாம் ஸ்டெல்லாதான் பிரிப்பாள். நான் கவரின் மேல் 'சர்வீஸ் புகார்' என்று எழுதி அனுப்புவேன்.

சுடலைமுத்துவை அனுப்பியது ஸ்டெல்லா. உங்களுக்காக அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று மார்ச்சிலேயே எழுதினாள். நான்தான் தடுத்தேன். அவள் உங்கள் பக்கம் பேசினால் ஏன் என்று அவர் கேட்பார், விஷயம் தப்பான நேரத்தில் வெளியே வரும், டிசம்பரில் நானே வந்து முறையாகப் பேசுகிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்று எழுதினேன். அவளுக்கு அதில் சம்மதமே இல்லை.

இந்தக் கடிதத்தைச் சங்கத்தில் படித்தால் உங்கள் சொல் நிற்கும். ஆனால் அவளைக் கழுதை என்று எழுதியதையும் அவர் கேட்பார். அதற்குப் பிறகு எனக்குப் பெண் கொடுப்பாரா? எனக்கு அவளை விட முடியாது அக்கா. உங்களையும் விட முடியாது. நீங்கள் என்ன செய்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

விக்டர்

*

கார்டு
பாலக்கரை, 30-5-1989

ரிஜிஸ்டர் தபால் கிடைத்தது. அனைவரும் சுகம். நீ ஒரு மடையன். மற்றவை பின்னால்.

டோரதி

*

கார்டு
நாக்பூர், 12-6-1989

அக்காவுக்கு வணக்கம். சுகம் என்று எழுதப் பழகிவிட்டதால் எழுதுகிறேன். சோறு இறங்கவில்லை. மற்றவை என்ன என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

விக்டர்

*

சேசு மரி சூசை துணை

பாலக்கரை
27-6-1989

என் அன்புத் தம்பி, மடையன் விக்டருக்கு அக்காவும் மச்சானும் பிள்ளைகளும் ஆசீர்வதிச்சு எழுதுறது. எல்லாரும் சுகம். பதினெட்டாந் தேதி முடிஞ்சு ஒன்பது நாளாச்சே, ஏன் எழுதலன்னு துடிச்சிருப்ப. துடிக்கட்டும்னுதான் எழுதல. எலிக்கு ஒன்பது நாள், ஒரு நவநாள் கணக்கு.

உன் ரிஜிஸ்டர் வந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. என் பிள்ளை மாதிரி வளர்த்த உனக்கு ஒரு ஆசை வந்திருக்கு, அதை என்கிட்ட சொல்ல ஒண்ணேகால் வருஷம் பயந்திருக்க. அதுதான் எனக்கு வலிச்சுது. கழுதைன்னு எழுதின கையை வெட்டிப் போடலாம் போலவும் இருந்துச்சு. மறுநாள் கோமளவல்லி டீச்சர்கிட்ட போய், "அந்தப் பத்தியை மட்டும் கிழிச்சிட்டுக் குடுக்கலாமா?"ன்னு கேட்டேன். "கிழிச்சா செல்லாது. முழுசா குடு, இல்லாட்டி குடுக்காதே. உன் தம்பி வாழ்க்கை, உன் மானம். நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. பெருமாளை சேவிச்சுட்டு முடிவு பண்ணு"ன்னாங்க. நான் மாதாகிட்டதான் கேட்டேன்.

பதினெட்டாந் தேதி ஒண்ணாம் நம்பர் பஸ் புடிச்சு ஸ்ரீரங்கம் போனோம். உன் மச்சான் கல்யாணத்துக்குத் தெச்ச பேன்ட்டைப் போட்டுக்கிட்டு வந்தார், பட்டன் பூட்டல. மாடியில ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர் அழகிரி, அவர்தான் சங்கத் தலைவர், அப்புறம் கோமளவல்லி டீச்சர், இன்னும் ரெண்டு பேர். எதிர்ல அமிர்தராஜ், பக்கத்துல பில் புஸ்தகமெல்லாம் தூக்கிக்கிட்டு ஸ்டெல்லா. அவ முகம் வெளிறிப் போயிருந்துச்சு.

தலைவர், "ஜனவரியில குறை சொன்னதுக்கு அத்தாட்சி இருக்கா?"ன்னார். எழுந்திரிச்சேன். "இருக்குங்க. என் தம்பிக்கு நான் போட்ட கடுதாசி. ஆனா இதுல நான் ஒரு தப்பும் பண்ணியிருக்கேன். அதை நீங்க படிச்சு அந்தப் பொண்ணு கேக்குறதைவிட, நானே படிச்சு நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன்"னேன். படிச்சேன் விக்டர். ஒரு எழுத்து விடாம. கருங்கல், சிரிப்பு, கழுதை, குப்பை, மெழுகுவத்தி, எல்லாம். படிச்சு முடிச்சு அவளைப் பார்த்தா, தலையைக் குனிஞ்சு, வாயைப் பொத்திக்கிட்டு இருக்கா, தோள் குலுங்குது. ஐயோ, பிள்ளையை அழ வெச்சுட்டோமேன்னு கிட்டப் போனேன். அழல. சிரிக்கிறா!

கண்ணைத் தொடச்சிக்கிட்டு எழுந்திரிச்சா. "அப்பா, டீச்சர் எழுதின ரெண்டுமே நிஜம். நான் சிரிச்சதும் நிஜம், சுடலைமுத்துவை அனுப்பினதும் நிஜம்"னா. பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துத் தலைவர் மேஜையில வெச்சா. அப்பா வேளாங்கண்ணி போனப்ப சர்வீஸ் நோட்டை உள்ள வெச்சுப் பூட்டிட்டாராம். அதனால அவளா ஒரு நோட்டுப் போட்டிருக்கா. ஜனவரி 12, பாலக்கரை டோரதி டீச்சர், மோட்டார் சத்தம், கீழ சுடலைமுத்து கையெழுத்து. அதை அவ அன்னிக்குக் காலையிலயே பையில எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கா. நீ வாயைத் திறக்காதன்னு எழுதியும், சொல்லிடறதுன்னு தீர்மானம் பண்ணிட்டுத்தான் மாடி ஏறியிருக்கா. அப்ப நான் அந்தக் கழுதையைச் சத்தமா படிச்சிருக்கவே வேண்டாம்! நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

தலைவர் பூதக்கண்ணாடி வெச்சு முத்திரையைப் பார்த்து, "பாலக்கரை, பதிமூணு ஒண்ணு எண்பத்தொன்பது, சுத்தமா விழுந்திருக்கு"ன்னு ரசிச்சுச் சொன்னார். அமிர்தராஜ் அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா மோட்டாரை அன்னிக்கே மாத்தியிருப்பேன்"னார். நிஜமாத்தான் சொன்னார், முகத்துல தெரிஞ்சுது. அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "அது சரி, டீச்சர் கேட்டா நீ ஏம்மா சிரிச்ச?"ன்னார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தா. சொல்லுன்னு நான் தலையாட்டினேன். "டீச்சரோட தம்பி முன்னாடியே சொல்லியிருந்தாருப்பா. சின்னதா சத்தம் வந்தாலும் எங்க அக்கா வந்து, 'மாவாட்டுற மிஷினா கருங்கல் உடைக்கிற மிஷினா'ன்னு கேப்பாங்கன்னு. அப்படியே கேட்டாங்களா, அடக்க முடியல"ன்னா. அடப்பாவி, உன்னால நான் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே கேலிக்கு ஆளாயிட்டேனா?

அமிர்தராஜ் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். மறுபடியும் மாட்டிக்கிட்டு, "நாக்பூர்ல இருந்து மாசம் நாலு சர்வீஸ் புகார் வருது. அந்த ஊருக்கு நான் ஒரு மிஷின்கூட வித்ததில்லையேன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்"னார். தலைவர்ல இருந்து எல்லாரும் சிரிச்சிட்டாங்க. கோமளவல்லி டீச்சர் மட்டும் சிரிக்காம, "முதல்ல மோட்டார் விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ, கல்யாணம் அப்புறம்"னாங்க. மோட்டாரை மாத்தித் தரணும், மெக்கானிக் வந்துட்டுப் போனா வாடிக்கையாளர் கையில ஒரு சீட்டுக் குடுக்கணும்னு எழுதி வாங்கிட்டாங்க.

வியாழக்கிழமை புது மோட்டார் போட்டாச்சு. சத்தமே இல்ல. உன் மச்சான் பக்கத்துல உக்காந்து, "இப்பத்தாண்டி நிம்மதி"ன்னு அரைபடுற மாவையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு வெளியில வரேன், கோயில் வாசல்ல அதே இடத்துல அமிர்தராஜ் நிக்கிறார். சுத்தி அதே ஜனம், என் கிளாஸ் பிள்ளைங்களும்தான். "டீச்சர், அன்னிக்கு இந்த இடத்துல நீங்க பொய் சொல்றீங்கன்னு சொன்னேன். அது தப்பு. எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் இங்கயே சொல்றேன்"னார். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உங்க தம்பி டிசம்பர்ல வருவாரா? நம்பி நான் சாமியார்கிட்ட பேசலாமா?"ன்னு கேட்டார்.

"வருவான். எழுதித் தரட்டுமா? முத்திரை குத்தியே தரேன்"னேன், கொஞ்சம் குத்தலாவே.

"எழுத்து எதுக்குங்க? நீங்க சொன்னா போதும் டீச்சர்"னார்.

அங்கயே அழுதுட்டேன்டா. பிள்ளைங்க எல்லாம் பார்த்துச்சுங்க, பார்க்கட்டும். மெழுகுவத்தி ஏத்தணும்னு ஜனவரியில எழுதினேன்ல, உள்ள திரும்பிப் போய் அதையும் ஏத்திட்டு வந்தேன். ஸ்டெல்லாவும் கூட வந்தா. யாருக்காகன்னு கேட்டா. சொன்னேன். மறுபடியும் அதே சிரிப்பு. இப்ப அது எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆக, நான் வார்த்தை குடுத்திருக்கேன். டிசம்பர்ல நீ வரலன்னா நாக்பூருக்கு நானே ரயில் ஏறி வருவேன். கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சு, பொங்கல் கழிச்சுக் கல்யாணம். தவக்காலத்துக்கு முன்னாடியே முடிச்சாகணும். சீரா ஒரு கிரைண்டர் குடுக்கப் போறாராம் உன் மாமனார். வீட்டுக்குக் கொண்டுபோன அன்னிக்கே பெட்டியைப் பிரிச்சு, கார்டைப் படிச்சு, மாவாட்டிப் பார்த்துடு. சுரூபம் வெக்கிறதுக்கு நான் ஒரு நல்ல முக்காலி வாங்கித் தரேன்.

உன் அக்கா,
டோரதி